வாடை பிடித்த வெள்ளிக்கிழமை

1

இன்று காலை கதவைத் திறந்து, முகத்தை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, "வாடையெல்லே பிடிச்சிருக்கு" என்றேன். பள்ளிக்கூடம் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்த மகள் வதனி மூக்கை இரண்டு தரம் உறிஞ்சினாள்.

"எனக்கு ஒண்டும் மணக்கேல்லை, அப்பா. குப்பை வாளியைப் பாருங்கோ."

அவளுக்குப் பதினான்கு வயது. பிரெஞ்சு வானொலியில் காலநிலை வாசிக்கிறவன் தடுக்கினால் எடுத்துக் கொடுப்பாள். ஆனால் வடகிழக்கிலிருந்து வரும் காற்றுக்கு வாடை என்று பெயர் என்பது அவளுக்குத் தெரியாது. வாடை என்றால் நாற்றம். லவாலில் இருக்கும் இந்தியத் தமிழ் மாமியின் வீட்டில் பழகிய தமிழ் அது. அதற்காக நான் அவளைக் கோபிக்க முடியாது. அவளும் தாயும் ஒழுங்காக இந்த நாட்டுக்குள் கால் வைத்ததே, மாமி அந்தச் சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டதால்தான். இந்த மாசியோடு அது நடந்து ஏழு வருடம்.

ஊரிலிருந்து எனக்குக் கடிதம் போடுகிறவர்கள் எல்லோரும், "பனிக்குள்ளே எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். பனிக்குள் இருப்பது பெரிய வேலையில்லை. அது வருமா, வராதா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. அந்த வேலையில் இந்த மொன்ட்ரியால் நகரத்தில் என்னை வெல்ல ஆளில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைப்பட வேண்டிய விஷயம், ஆகையால் சொல்கிறேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்பு வாத்தியார் என்னை வேண்டாம் என்று சொன்னதால் படிப்பு அங்கேயே நின்றது. வடமராட்சிக் கடற்கரையில் பிறந்து, பதினொரு வயதில் வள்ளம் ஏறி, பிறகு சரக்குக் கப்பலில் கோப்பை கழுவப் போனவன். உலகக் கண்காட்சி நடந்த அறுபத்தேழாம் வருடம் அந்தக் கப்பல் இயந்திரம் பழுதாகி இந்த நகரத்துத் துறைமுகத்தில் ஆறு கிழமை கிடந்தது. அந்த நாளில், வந்திறங்கியவன் இங்கே நின்றபடியே குடியேற மனுக் கொடுக்கலாம். கொடுத்தேன். இன்று டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டிக்கொடுக்கும் சமையற்கூடத்தில் காலைப் பகுதிக்கு நான்தான் தலைவன். எனக்குக் கீழே நாற்பது பேர். நான் தாளித்த பருப்பு முப்பதாயிரம் அடி உயரத்தில் கடல் தாண்டிப் போயிருக்கிறது. செல்லத்துரை ஒன்றுக்கும் உதவமாட்டான் என்று சொன்னவர்கள் இதை வாசித்தால், அவர்களும் நலமாக இருக்கட்டும்.

2

நாங்கள் மூன்று பேர். சங்கம் என்று பெயர் வைக்கவில்லை. ஆனால் எந்தச் சங்கமும் எங்களைப் போல ஒழுங்காகக் கூடியிருக்காது.

ஒருவர் புரொபசர் சந்தானம். மாமியின் கணவர். பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிப்பிக்கிறார். தஞ்சாவூர்ப் பக்கம். எங்களுக்குப் பல வருடம் முன்னே வந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் லவாலில் சொந்த வீடு வாங்கியவர். பத்திரிகையில் வரும் காலநிலைப் படத்தை வெட்டி ஒட்டி வைப்பார். சுவரிலே காற்றழுத்தம் காட்டும் கருவி, தோட்டத்திலே பனி அளக்கும் கோல். எல்லாம் கணக்கு.

மற்றவர் மொஸ்யு ரொபேர். மொன்ட்ரியால்-நோரில் என் தெரு மூலையில் டெபனர் வைத்திருக்கிறார். பாலும் பாணும் பியரும் விற்கும் சின்னக் கடைக்கு இங்கே அப்படிப் பெயர். இளவயதில் மரம் வெட்டும் முகாமில் உடைந்த முழங்கால்தான் அவருடைய கருவி. தெற்கே அமெரிக்கக் கரையில் புயல் புறப்பட்டவுடன் அந்த முழங்காலுக்குத் தந்தி வந்துவிடும்.

மூன்றாவது ஆள் நான். எனக்குக் கருவியும் இல்லை, உடைந்த காலும் இல்லை. காற்று எனக்குத் தெரியும். இந்த ஊருக்குப் பெரும்பனி தெற்கிலிருந்துதான் வரும். ஆனால் அது வருமுன்னே காற்று எதிர்ப்பக்கம் திரும்பி வடகிழக்கிலிருந்து அடிக்கும். புயல் ஒரு பக்கம், காற்று ஒரு பக்கம். இதைப் புரொபசர் படம் கீறி விளங்கப்படுத்துவார். நான் வந்த முதல் பனி மாரியிலேயே முகத்தால் கண்டுபிடித்தேன். வாடை பிடித்தால் பனி வரும். கச்சான் திரும்பினால், அதாவது மேற்குக் காற்று வந்தால், பனி ஓடிவிடும். அவ்வளவுதான் என் படிப்பு.

ஒழுங்கு இதுதான். வானொலி பனிப்புயல் என்று வாய் திறந்ததும் மூவரும் ரொபேரின் கடையில் கூடுவோம். கல்லாவுக்குப் பின்னால் ஒரு கரும்பலகை. எங்கள் தெருவுக்குப் பனி வருமா, வராதா, வந்தால் எத்தனை அங்குலம் என்று ஒவ்வொருவரும் எழுத வேண்டும். எழுதினால் அழிக்க முடியாது. தோற்றவர்கள் வென்றவருடைய வீட்டு வாசற்படியில் பனி அள்ள வேண்டும். இங்கே வீடுகளுக்கு மாடிப்படி வெளியே, இரும்பில் வளைந்து இறங்கும். என் வீட்டுக்குப் பத்தொன்பது படி.

மூன்று பட்டம் பெற்ற புரொபசர், கழுத்துக்கு மப்ளர் சுற்றி, ஐந்தாம் வகுப்புக்காரனின் பத்தொன்பது படியையும் மண்வாரி போன்ற சவளால் அள்ளியதை மொன்ட்ரியால்-நோரில் பலர் பார்த்திருக்கிறார்கள்.

"சேர், அந்த மூலையிலை கொஞ்சம் கிடக்கு."

"பாத்துண்டுதான் இருக்கேன். காத்தை வெச்சே டிகிரி வாங்கின ஆள் நீங்க ஒருத்தர்தான், செல்லத்துரை."

ஏன் பனி வர வேண்டும் என்று நாங்கள் ஆசைப்பட்டோம் என்று கேட்காதீர்கள். வந்தால் எங்களுக்குத்தான் கஷ்டம். ஆனாலும் வானொலியில் "ஒருவேளை கிழக்கே விலகிப் போகலாம்" என்று சொன்னால் மூவருக்கும் முகம் தொங்கிவிடும். கலியாண வீட்டில் மாப்பிள்ளை வரவில்லை என்றால் எப்படியோ, அப்படி.

பன்னிரண்டு மாரி எழுதியிருக்கிறேன். ஒரே ஒருமுறை தோற்றேன். அந்த ஒருமுறையும் தெரிந்தே பிழையாக எழுதினேன்.

3

அதைச் சொல்வதற்கு முதல் ஒரு தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் இங்கே நின்றபோது மனைவி பூமணியும் இரண்டு வயது வதனியும் ஊரில். ஒரு வருடத்தில் கூப்பிடுகிறேன் என்று எழுதினேன். ஐந்து வருடம் ஆனது. காரணம், இந்த நாட்டுப் படிவத்தில் இருக்கும் ஒரு கட்டம். பிரெஞ்சில் "நோம்" என்று இருக்கும். பெயர் என்று அர்த்தம், ஆனால் பெயர் இல்லை, குடும்பப் பெயராம். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயரைப் போடு என்றார்கள். போட்டேன். எனக்குக் கந்தையா. பூமணிக்கு அவளுடைய தகப்பன் வேலுப்பிள்ளை. பிள்ளைக்குத் தகப்பன் நான், ஆகவே செல்லத்துரை. நான் நேர்மையாக நிரப்பிய படிவம் அது.

குடிவரவுக் கந்தோரில் ஒரு அம்மணி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "இந்த மூன்று பேரும் வேறு வேறு குடும்பமாக இருக்கிறீர்களே, மொஸ்யு" என்றாள்.

"ஒரு குடும்பம்தான்" என்றேன்.

"அப்படியென்றால் நோம் ஏன் வேறு?"

அதற்கு என்னிடம் ஆங்கிலமும் இல்லை, பிரெஞ்சும் இல்லை. தமிழில் விளங்கப்படுத்தினேன். மெர்சி என்று நன்றி சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். படிவம் திரும்பி வந்தது. மறுபடி போனது. ஒருமுறை ஊருக்குப் போய், அங்கிருந்து "வேலுப்பிள்ளை என்பவர் யார், அவரும் வருகிறாரா?" என்ற கேள்வியோடு வந்தது. என் மாமனார் காலமாகிப் பத்து வருடம்.

கடைசியில் புரொபசர்தான் உட்கார்ந்து ஒரு சத்தியக் கடதாசி எழுதினார். தமிழருக்குப் பெயர் வைக்கும் முறை இது, இந்த மூவரும் ஒரே குடும்பம், இவரை எனக்குத் தெரியும் என்று இரண்டு பக்கம். சட்டத்தரணி முன்னால் கையெழுத்து வைத்து, சிவப்பு முத்திரை குத்தி வாங்கினோம். அதற்குப் பிறகுதான் விசா கிடைத்தது. அதிலும் ஒரு நிபந்தனை. வந்து இறங்கும் இடத்தில் அந்தச் சத்தியக் கடதாசியின் மூலப் பிரதியைக் காட்ட வேண்டும். வைத்தியப் பரிசோதனை ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அது முடிவது ஒரு சனிக்கிழமை, விசாவும் அதோடு முடியும். விமானத்தில் இடம் கிடைத்தது அதற்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை. மத்தியானம் ஒரு மணிக்கு இங்கே இறங்கும்.

தாளை என் வீட்டில் வைக்கப் பயம். மேல் வீட்டில் குழாய் வெடித்து என் பெட்டி முழுக்க ஒருமுறை நனைந்திருக்கிறது. ஆகவே புரொபசர் வீட்டு அலுமாரியில் பூட்டி வைத்தோம். வெள்ளிக்கிழமை அவரே காரில் கொண்டுவந்து, என்னோடு உள்ளே வந்து அதிகாரியோடு கதைப்பதாக ஏற்பாடு.

4

வியாழக்கிழமை வானொலி வாய் திறந்தது. தெற்கே அமெரிக்கக் கரையில் ஒரு புயல். நாளை மொன்ட்ரியாலுக்கு வரலாம், கடலோடு போகவும் கூடும்.

பின்னேரம் வேலை முடிந்து கடைக்குப் போனேன். புரொபசர் படத்தை விரித்து வைத்துக்கொண்டு நின்றார்.

"கவலையே படாதீங்க, செல்லத்துரை. கடலோட போயிடும். கோடெல்லாம் அந்தப் பக்கம்தான் சாயறது."

ரொபேர் முழங்காலைத் தடவிக்கொண்டு, எங்களுக்கு விளங்கட்டும் என்று ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் கலந்து, "உன் படத்துக்குக் கால் இல்லை, புரொபசர். எனக்கு இருக்கிறது. அது காலையிலிருந்து அழுகிறது" என்றார். பலகையில் "வீ" என்று எழுதி, பதினாறு அங்குலம் போட்டார். வீ என்றால் ஓம், வரும்.

புரொபசர் "வராது" என்று எழுதினார். சுண்ணாம்புக்கட்டி என் கைக்கு வந்தது.

நான் கடைக் கண்ணாடியால் வெளியே பார்த்தேன். எதிர்வீட்டுப் புகைபோக்கிப் புகை மெல்லத் தென்மேற்குப் பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தது. மேலே முகில் மீன் செதில் போல. இதற்கு மேல் எனக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. வரும். நாளை மத்தியானத்துக்குள் வரும். டோர்வலை மூடுவார்கள். விமானத்தை ஹாலிபாக்ஸுக்கோ வேறெங்கோ திருப்புவார்கள். ஊரை விட்டு முதன்முதல் வெளிக்கிட்ட பூமணி, தெரியாத இடத்தில், பிள்ளையோடு, தாளும் இல்லாமல், பாஷையும் இல்லாமல் ஒரு அதிகாரி முன்னால் நிற்பாள். அடுத்த நாள் விசா செத்துவிடும். திரும்பிப் போ என்பார்கள்.

நான் "வராது" என்று எழுதினேன்.

ரொபேர் என்னை உற்றுப் பார்த்தார். "நீயுமா?"

"ஓம். கடலோடை போயிடும்" என்றேன்.

வானம் என் எழுத்தைப் பார்த்து நடக்கும் என்று நினைத்தேனா என்று கேட்டால், ஓம், நினைத்தேன். அதுவரை நான் எழுதியதெல்லாம் நடந்திருக்கிறது. அந்த ஒருநாள் என் பக்கம் நிற்காதா என்று ஒரு ஆசை. நான் செய்த பிழை வேறு. என் எழுத்தை வானம் நம்பவில்லை, புரொபசர் நம்பினார். "நீங்களே வராதுன்னுட்டேள், அப்பறம் என்ன? பன்னெண்டு மணிக்குக் கிளம்பினாப் போறும்" என்று சொல்லிக்கொண்டு ஆனந்தமாக வீட்டுக்குப் போனார்.

5

வெள்ளிக்கிழமை விடிய பஸ்ஸால் இறங்கி டோர்வல் சமையற்கூடத்துக்கு நடந்தபோது வலது கன்னத்தில் அறைந்தது. வாடை. ஊரில் மார்கழியில் வள்ளம் தள்ள விடாத அதே காற்று. பனி இன்னும் இல்லை.

எங்கள் சமையற்கூடத்துக்குப் புயல் வருவது வானொலிக்கு முன்னே தெரியும். எந்த விமானம் பறக்காதோ அதற்குச் சாப்பாடு வேண்டாம் என்று போன் வரும். ஒன்பது மணிக்கு நியூயோர்க் விமானத்துக்கு வேண்டாம் என்றார்கள். அடுத்து போஸ்டன். நூற்றிருபது கோழிக்கறித் தட்டை வண்டியில் ஏற்றிய பையன்கள் திரும்ப இறக்கினார்கள். பூமணியும் பிள்ளையும் லண்டனிலிருந்து வருகிற விமானமோ ஏற்கனவே கடலுக்கு மேலே. அதை நிற்பாட்டவும் முடியாது, கெதியாக வா என்று சொல்லவும் முடியாது.

புரொபசர் பன்னிரண்டு மணிக்கு வெளிக்கிட்டால் வந்து சேரமாட்டார் என்பது விளங்கியது. ஒன்பதரை மணிக்கு லவாலுக்குப் போன் எடுத்தேன். மாமி எடுத்தா.

"மாமி, செல்லத்துரை கதைக்கிறன். சேர் நிக்கிறாரே?"

"ஷேவ் பண்ணிண்டிருக்கார். என்ன விஷயம்?"

"வாடை அடிக்கத் தொடங்கீட்டுது, மாமி."

"வாடையா? எங்கே?"

"இஞ்சை டோர்வலிலை விடியவே தொடங்கீட்டுது. உங்கடை பக்கமும் வந்திருக்கும், கவனிச்சுப் பாருங்கோ."

மாமி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "ஆமாம்... லேசா அடிக்கற மாதிரிதான் இருக்கு."

"இனி வரவரக் கூடும். பிந்தினா ஒண்டும் செய்யேலாது. சேரை இப்பவே வெளிக்கிடச் சொல்லுங்கோ. நீங்களும் வெளிக்கிடுங்கோ. ஒண்டையும் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ."

"ஐயையோ" என்று ஒரு சத்தம். போன் விழுந்தது.

நல்லது, அவசரம் விளங்கிவிட்டது என்று திரும்பினேன். ஐந்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. தாளை எடுத்து வாருங்கள் என்று சொல்லவில்லை. ஒன்றையும் பார்க்காமல் வா என்றுவேறு சொல்லியிருக்கிறேன். திரும்ப எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பத்து நிமிடம் கழித்து மறுபடி எடுத்தேன். ஒருவருமில்லை.

நாற்பது பேருக்கு முன்னால் தலைவன் பதறக் கூடாது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தேவையே இல்லாத வெங்காயக் கூடையை இங்கிருந்து அங்கே தூக்கி வைத்தேன். ஜன்னலில் முதல் பனித்துகள் வந்து ஒட்டியது. பதினொரு மணி.

6

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் விமான நிலைய வாசலில் புரொபசரின் கார் வந்து நின்றது. நான் ஓடிப்போனேன்.

புரொபசர் இறங்கினார். தலையில் மயிர்த்தொப்பி, உடம்பில் கம்பளிக் கோட்டு, காலில் பனிச் சப்பாத்து. கோட்டுக்கும் சப்பாத்துக்கும் நடுவில் வேட்டி. முகத்தில் ஒரு பக்கம் வழித்திருந்தது. மறுபக்கம் சவர்க்காரம் காய்ந்து வெள்ளையாக இருந்தது. பின் சீட்டில் மாமி ஒரு தகரப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தா.

"சேர், தாள்?" என்றேன்.

"பெட்டியிலே இருக்கு. என் நகை, பாஸ்போர்ட், உங்க பத்திரம், எல்லாம்" என்று மாமி உள்ளிருந்தே சத்தம் போட்டா. "நெருப்புன்னா முதல்ல இதைத்தானே எடுக்கணும்?"

"என்ன நெருப்பு, மாமி?"

புரொபசர்தான் விளக்கினார். அதற்கு முந்தின கிழமை அவர்களுடைய தெருவில் சமையல் வாயுக் குழாய் மாற்றியிருக்கிறார்கள். வந்தவர்கள் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார்களாம். வாடை அடித்தால் அடுப்பை அணை, ஜன்னலைத் திற, வீட்டை விட்டு வெளியே போ. மாமி அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருந்தா. நான் போன் எடுத்து வாடை அடிக்கிறது, உடனே வெளிக்கிடு என்றதும், மாமி அடுப்பை அணைத்து, மேல்மாடி, கீழ்மாடி ஜன்னல் அத்தனையும் திறந்து, அலுமாரிப் பெட்டியைத் தூக்கி, பாதி முகம் வழித்த புரொபசரை வேட்டியோடு இழுத்துக்கொண்டு போய்க் காருக்குள் இருத்திவிட்டா.

"எனக்கு ஒரு வாடையும் தெரியலைன்னேன். 'செல்லத்துரைக்கு டோர்வல்லேயே அடிக்கறதாம், உங்களுக்கு ஜலதோஷம்'னா" என்றார் புரொபசர். "கார்லே உக்காந்துண்டு, கேஸ்காரன் வருவானான்னு ஒரு மணி நேரத்துக்கு மேலே பாத்துண்டிருக்கேன், எதிர்வீட்டு மரம் மேற்குப் பக்கமா வளையறது. அப்பத்தான் உறைச்சது. அஞ்சு வருஷமா நீங்க கடையிலே கத்திண்டிருக்கற வாடை! அடியே, அது காத்துடீன்னேன்."

"அப்ப ஜன்னல்?"

"திறந்துதான் கிடக்கு. பனி ஆரம்பிச்சுடுத்து. உள்ளே போய்ப் பூட்டி, நானும் பேண்ட் மாட்டிண்டு வரணும்னா பாலத்தைத் தாண்ட முடியாது."

"ஜன்னல் கிடக்கட்டும், வண்டியை எடுங்கோன்னு நான்தான் சொன்னேன்" என்றா மாமி. "அந்தப் பொண்ணு குழந்தையோட வந்து நிப்பாளே."

நான் அவர்களுக்கு நன்றி சொல்லவில்லை. "மாமி, குளிருது, உள்ளை வாங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

ஒன்று பத்துக்கு லண்டன் விமானம் இறங்கியது. இறங்கியது என்று அறிவித்தார்களே தவிர, கண்ணாடிக்கு அப்பால் வெள்ளையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு விமானம்தான் இறங்கின. பிறகு டோர்வலை மூடிவிட்டார்கள்.

அதிகாரியின் அறைக்குள் எங்களைக் கூப்பிட்டபோது பூமணி ஒரு நீள வாங்கில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். பக்கத்தில் ஏழு வயதுப் பிள்ளை. நான் விட்டுவிட்டு வந்தது இரண்டு வயதுப் பிள்ளை. அது தாயின் காதில், "இந்த மாமா ஆர்?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. அதிகாரி முத்திரைத் தாளை இரண்டு பக்கமும் வாசித்தார். புரொபசர் கோட்டைக் கழற்றாமல் நின்று ஆங்கிலத்தில் விளக்கினார். அதிகாரி அவரைத் தலையிலிருந்து வேட்டி வரைக்கும் பார்த்தார்.

"உங்களுடைய குடும்பப் பெயர் என்ன?"

"சந்தானம்."

"நாலாவது பெயரா?" என்றார் அதிகாரி. புரொபசர் அவசரமாக, "நான் இந்தக் குடும்பம் இல்லை" என்றார். அதிகாரி சிரித்துவிட்டார். சிரித்தபடியே குத்தினார் முத்திரையை. மூன்று தரம். கந்தையா, வேலுப்பிள்ளை, செல்லத்துரை.

ஐந்து வருடமாக நான் ஒரு பேச்சுத் தயாராக வைத்திருந்தேன். வாசலுக்குக் கூட்டிவந்து, கையை நீட்டி, "பூமணி, பார், இதுதான் பனி. இதுக்குள்ளைதான் உன்ரை மனுசன் தனிய நிண்டு வெண்டவன்" என்று சொல்ல வேண்டும். வாசற்கதவைத் திறந்தேன். காற்று உள்ளே பாய்ந்தது. பூமணி பனியைப் பார்க்கவே இல்லை. பிள்ளையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டு, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்து ஒரு கணம் நின்றாள்.

"வாடையெல்லே இது" என்றாள். "இது இஞ்சையும் வருதே?"

மாமி பூமணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தா. "ஓஹோ, இதுதானா அந்த வாடை" என்றா.

என் பேச்சு வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

7

தெருவெல்லாம் மூடிவிட்டார்கள். இரண்டு நாள் எங்கள் சமையற்கூடத்து ஓய்வறையில் இருந்தோம். பறக்காத விமானங்களின் சாப்பாட்டை எடுத்து, அகப்பட்டு நின்ற பயணிகள் அத்தனை பேருக்கும் நான் கொடுத்தேன். மாமி விமானக் கம்பெனிச் சோற்றில் எலுமிச்சஞ்சாதம் கிளறினா. வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்று சாப்பிட்டார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் வதனி என்னை "அப்பா" என்று கூப்பிட்டாள், இன்னொரு கேக் வேண்டும் என்பதற்காக.

ஞாயிற்றுக்கிழமை லவாலுக்குப் போனோம். வீட்டுக்குள் கூடத்துச் சோபா மேல் ஒரு சாணுக்கு மேல் பனி. சாமி அறையில் பிள்ளையார் கழுத்துவரை புதைந்திருந்தார். தண்ணீர்க் குழாய் இரண்டு வெடித்திருந்தது. நான் சவளை எடுத்து வீட்டுக்குள் பனி அள்ளினேன். புரொபசர் ஜன்னலோரம் நின்று கோலை வைத்து அளந்து, "கூடத்திலே பதினோரு அங்குலம்" என்று கொப்பியில் எழுதினார். பூமணிக்கு அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று அன்றைக்கே விளங்கிவிட்டது.

வியாழக்கிழமை நான் உண்மையை எழுதியிருந்தால் அவர் காலையிலேயே பேண்ட் போட்டுக்கொண்டு, ஜன்னல் எல்லாம் பூட்டி, தாளோடு வந்திருப்பார். இதை நான் அவரிடம் சொன்னதில்லை. இப்போது அச்சில் சொல்கிறேன். சேர், அன்றைக்குப் புகை சாய்ந்ததை நான் பார்த்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள். அந்தச் சோபாவின் கறை என்னுடையது.

அதற்குப் பிறகு வாடை பிடிக்கும்போதெல்லாம் நான் லவாலுக்குப் போன் எடுப்பேன். இன்று காலையும் எடுத்தேன்.

"மாமி, வாடை."

"சரி. ஜன்னலைத் திறக்கணுமா, மூடணுமா?"

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இது பூமணிக்கு.

பலகையில் வென்றது ரொபேர். பதினாறு அங்குலம் என்று எழுதினார், பதினேழு விழுந்தது. ஒழுங்கு ஒழுங்குதானே. திங்கட்கிழமை காலை சவளை எடுத்துக்கொண்டு அவருடைய படியை அள்ளப் புறப்பட்டேன். பூமணியும் பின்னால் வந்துவிட்டாள், மாமியின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு. இருவருமாக அள்ளினோம்.

"இது ஆரின்ரை வீடு?"

"கடைக்காரர் வீடு."

"அவரின்ரை படியை நாங்கள் ஏன் அள்ளுறம்?"

ஐந்து வருடம் கழித்து வந்த மனைவியிடம், வந்த நாலாம் நாள், தோற்றுப்போனேன் என்று எப்படிச் சொல்வது? "இந்த நாட்டு வழக்கம்" என்றேன். "புதுசா வந்த குடும்பம் மூலைக்கடைக்காரரின்ரை படியிலை முதல் பனியை அள்ளிக் குடுக்க வேணும். மரியாதை."

பூமணி மரியாதை தெரிந்தவள். அந்தப் படிகளை நான் அள்ளியதைவிடச் சுத்தமாக அள்ளினாள். அதோடு நிற்கவில்லை. பிறகு எங்கள் பக்கம் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றையும் முதல் பனியன்று அவளே சவள் கொடுத்து அனுப்புகிறாள். இதுவரைக்கும் மூன்று குடும்பம். ரொபேர் கண் கலங்கி, ஆளுக்கொரு சொக்லேட் கொடுத்து, உலகத்திலேயே மரியாதையான சனம் தமிழ்ச்சனம் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் எங்களுக்கு மேல் வீட்டுக்குப் பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து ஒரு புதுத் தம்பதி வந்திருக்கிறது. அவர்கள் வந்த பிறகு அள்ளும் அளவுக்குப் பனி விழவில்லை. இன்று பலகையில் "வரும்" என்று எழுதிவிட்டு வந்தேன். இப்போது அங்குலம் இல்லை, சென்டிமீட்டர். வதனி கணக்குப் பார்த்து முப்பது என்று போட்டாள். பூமணி குசினியில் நின்று சொல்கிறாள்: "மேல் வீட்டுப் பிள்ளையளுக்கு வழக்கம் தெரியாது. விடிய நான் சொல்லிவிடுறன். சவள் இரண்டையும் வாசலிலை எடுத்து வையுங்கோ."

எடுத்து வைத்துவிட்டேன். இந்தப் பத்திரிகை ஊரில் அச்சாகி, கப்பலேறி எங்கள் வீட்டுக்கு வந்து பூமணியின் கைக்குச் சேர எப்படியும் இரண்டு மாதம் ஆகும். அதற்குள் பனி முழுக்கக் கரைந்துவிடும்.